மூன்றாம் ஜார்ஜ்

மூன்றாம் ஜார்ஜ் (4 ஜூன் 1738 – 29 ஜனவரி 1820) பிரிட்டனின் அரசராக 1760 அக்டோபர் 25 முதல் தம் இறப்பு வரை இருந்தவர். 59 ஆண்டுகளும் மூன்று மாதங்களும் நீடித்த அவருடைய ஆட்சி, பிரிட்டனின் ஆண் அரசர்களின் ஆட்சிகளில் மிக நீண்டது. விக்டோரியா, இரண்டாம் எலிசபெத் ஆகிய இரு அரசிகள் மட்டுமே அவரைவிட அதிக காலம் ஆண்டனர். ஜெர்மனியிலிருந்து வந்த ஹனோவர் மரபில் அவர் மூன்றாம் அரசர். அம்மரபில் இங்கிலாந்து மண்ணில் பிறந்து ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் அரசரும் அவரே. ஹனோவருக்கும் அவரே ஆட்சியாளர் என்றாலும் அங்கே ஒருமுறைகூடச் சென்றதில்லை.

பள்ளிப் பாடநூல்களில் இவர் இரண்டு வரிகளில் முடிந்துவிடுவார்: அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்தவர், மனநிலை பாதிக்கப்பட்டவர். இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவர், அரசருக்குப் பைத்தியம் பிடித்ததால்தான் அமெரிக்கா போயிற்று என்று எழுதிவிடுகிறார். விடைத்தாள்களில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அமெரிக்கப் போர் 1783இல் முடிந்தது. நோய் பெரிய அளவில் வெளிப்பட்டது 1788இல். போர் நடந்த எட்டு ஆண்டுகளிலும் அரசர் தெளிந்த மனத்தோடு, நாள் தவறாமல் கோப்புகளைப் படித்துக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். ஆகவே அந்தப் போரில் அவருடைய பொறுப்பு எவ்வளவு என்பதை நோயைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இளமை

லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் இருந்த நார்ஃபோக் இல்லத்தில், குறைமாதக் குழந்தையாக ஜார்ஜ் பிறந்தார். அன்று இங்கிலாந்தில் வழங்கிய பழைய நாட்காட்டியின்படி அது மே 24. 1752இல் நாடு புதிய நாட்காட்டிக்கு மாறியபோது பிறந்த நாள் ஜூன் 4 ஆயிற்று. சில நூல்களில் இரு தேதிகள் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

தந்தை ஃபிரடெரிக், வேல்ஸ் இளவரசர்; தாய் அகஸ்டா. தாத்தா இரண்டாம் ஜார்ஜுக்கும் தந்தைக்கும் ஒத்துவரவில்லை. அரியணை ஏறாமலேயே 1751இல் தந்தை இறந்துவிட, 12 வயதுச் சிறுவன் பட்டத்து வாரிசானான். கூச்ச சுபாவமுள்ள அந்த இளைஞர், தம் ஆசானாக இருந்த ஸ்காட்லாந்துப் பிரபு பியூட் மீது அளவற்ற நம்பிக்கை வைத்தார்.

தாத்தா இறந்ததும் 22ஆம் வயதில் அரியணை ஏறினார். மறு ஆண்டு செப்டம்பர் 8 அன்று மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் நாட்டு இளவரசி சார்லட்டை மணந்தார். மணமக்கள் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தது மணநாளன்றுதான். அந்தக் காலத்து அரச குடும்பங்களில் அரிதாக, அவர் மனைவிக்கு உண்மையாக வாழ்ந்தார். 15 குழந்தைகள் பிறந்தன. 13 பேர் பெரியவர்களாக வளர்ந்தனர். இன்று பக்கிங்ஹாம் அரண்மனையாக இருப்பது, அரசி சார்லட்டுக்காக அவர் வாங்கிய வீட்டின் விரிவாக்கமே.

அரசரின் அதிகாரம் எதுவரை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்றாம் ஜார்ஜைப் பற்றிப் பேசுவது வீண். அவர் முகலாயப் பேரரசரைப் போலவோ பிரெஞ்சு மன்னரைப் போலவோ நினைத்ததைச் செய்யக்கூடியவர் அல்லர். வரி விதிப்பதும் சட்டம் இயற்றுவதும் நாடாளுமன்றத்தின் கையில் இருந்தன. ஆட்சியின் தொடக்கத்திலேயே அரச நிலங்களின் வருவாயை நாட்டுக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 8 லட்சம் பவுண்டு பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டார். அதனால் பணத்துக்கும் நாடாளுமன்றத்தையே எதிர்பார்க்க வேண்டியவரானார்.

ஆனால் இன்றைய பிரிட்டிஷ் அரசரைப் போல வெறும் அடையாளமாகவும் அவர் இருக்கவில்லை. அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் அவர் உரிமை. பதவிகளும் ஓய்வூதியங்களும் பட்டங்களும் வழங்கி உறுப்பினர்களைத் தம் பக்கம் இழுக்கவும் அவரால் முடிந்தது. அரசர் விரும்பும் அமைச்சருக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருக்க வேண்டும். பெரும்பான்மை உள்ளவரை அரசர் விரும்ப வேண்டும். இவை இரண்டும் பொருந்தாதபோதெல்லாம் நெருக்கடி வந்தது.

முதல் பத்தாண்டுகள் அப்படித்தான் கழிந்தன. தமக்குப் பிடித்த பியூட்டை 1762இல் பிரதமராக்கினார். எதிர்ப்பைத் தாங்க முடியாமல் பியூட் ஓராண்டுக்குள் விலகினார். அடுத்தடுத்துப் பிரதமர்கள் மாறினர். ஜான் வில்க்ஸ் என்ற பத்திரிகையாளர் அரசின் கொள்கையைத் தாக்கி எழுதிக் கைதானார். பின்னர் மிடில்செக்ஸ் தொகுதியில் மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்க, நாடாளுமன்றம் திரும்பத் திரும்ப வெளியேற்றியது. 1770இல் நார்த் பிரபு பிரதமரானார். இந்த ஆட்சியில் அவர் ஏழாவது பிரதமர். மென்மையான பேச்சும் அவையைக் கையாளும் திறமையும் உடைய நார்த்திடம் அரசர் நிம்மதி கண்டார். அந்த நிம்மதிக்குக் கொடுத்த விலை பெரிது.

அமெரிக்கப் போர்

பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. கனடா உட்படப் பரந்த நிலம் பிரிட்டனுக்குக் கிடைத்தது. ஆனால் நாட்டின் கடன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படையின் செலவில் ஒரு பங்கை அங்குள்ள குடியேறிகளே தர வேண்டும் என்று பிரதமர் கிரென்வில் கருதினார். பத்திரங்கள், செய்தித்தாள்கள், சீட்டுக்கட்டுகள் உட்பட அச்சிட்ட தாள்களுக்கு வரி விதிக்கும் முத்திரைச் சட்டம் 1765இல் வந்தது. அப்போது அரசர் உடல்நலமின்றி இருந்ததால், அவர் நியமித்த ஆணையர்களே அவர் சார்பில் அச்சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தனர்.

நாடாளுமன்றத்தில் தங்களுக்குப் பிரதிநிதி இல்லாதபோது வரி மட்டும் எப்படி விதிக்கலாம் என்று குடியேறிகள் கேட்டனர். எதிர்ப்பு வலுத்ததும் 1766இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அப்போது அமெரிக்கர்கள் அரசரை எதிரியாகக் கருதவில்லை; தங்கள் பகை நாடாளுமன்றத்தோடு மட்டுமே என்றும், அரசர் தங்களைக் காப்பார் என்றும் நம்பினர். நியூயார்க் நகரில் அவருக்குக் குதிரைமேல் அமர்ந்த சிலை ஒன்று 1770இல் நிறுவப்பட்டது. ஆறே ஆண்டுகளில் அதே நகரத்தார் அச்சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்து, அதன் ஈயத்தைத் துப்பாக்கிக் குண்டுகளாக வார்த்தனர்.

இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் நடந்தவற்றில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பங்கு உண்டு. ஹைதர் அலியுடன் நடத்திய போரும் வங்காளப் பஞ்சமும் கம்பெனியின் நிதிநிலையைக் குலைத்திருந்தன. விற்காத தேயிலை லண்டன் கிடங்குகளில் குவிந்து கிடந்தது. அதை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பக் கம்பெனிக்கு 1773இல் நாடாளுமன்றம் அனுமதி தந்தது. தேயிலை மலிவாகக் கிடைக்கும். ஆனால் வாங்கினால் பிரிட்டன் விதித்த வரியை ஏற்றதாகிவிடும். டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. பதிலடியாக நார்த் அரசு துறைமுகத்தை மூடி, மாசசூசெட்சின் தன்னாட்சி உரிமைகளையும் பறித்தது.

இதுவரையில் அரசர் அமைச்சர்களின் கொள்கைக்கு ஆதரவு தந்தவர் மட்டுமே. 1775இலிருந்து நிலைமை வேறு. போர் தொடங்கிய பின்னும் குடியேறிகளின் மாநாடு சமாதானம் வேண்டி ஒரு விண்ணப்பம் அனுப்பியது. அதைப் பெற்றுக்கொள்ளவே அரசர் மறுத்தார். ஆகஸ்ட் 23 அன்று அவர்களைக் கலகக்காரர்கள் என அறிவித்தார். அரசர் காப்பார் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. 1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட விடுதலைச் சாற்றுரை குற்றச்சாட்டுகளையெல்லாம் அரசர் ஒருவர் மீதே சுமத்துகிறது. அவற்றில் பல உண்மையில் நாடாளுமன்றம் செய்தவை. நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதே இல்லை என்று முடிவு செய்தவர்கள், அறுக்க வேண்டிய கடைசிக் கயிறாக அரசரை மட்டுமே குறிப்பிட முடியும். எனவே அது சட்ட வாதமாகச் சரி. வரலாற்றுச் சான்றாக அப்படியே ஏற்கத் தக்கதன்று.

ஆனால் போர் நீண்டதற்கு அரசர் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது. 1777இல் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுவதுமாகச் சரணடைந்தது. மறு ஆண்டு பிரான்ஸ் போரில் இறங்கியது. போரை நடத்தத் தமக்குத் திறமில்லை என்று நார்த்தே மீண்டும் மீண்டும் எழுதி விலகல் கேட்டார். அரசர் விடவில்லை. நார்த்தின் சொந்தக் கடன்களைக்கூட அவர் அடைத்திருந்தார்; அந்த நன்றிக்கடனும் நார்த்தைக் கட்டிப்போட்டது. அமெரிக்கா போனால் மேற்கிந்தியத் தீவுகளும் அயர்லாந்தும் ஒவ்வொன்றாகப் பிரிந்துவிடும் என்று அரசர் உறுதியாக நம்பினார். நாடாளுமன்றத்தின் உரிமையைக் காப்பது தம் கடமை என்பது அவர் எண்ணம். கொடுங்கோன்மையைவிட, கடமை என்று தாம் நினைத்ததில் காட்டிய பிடிவாதமே அங்கே வேலை செய்தது. களத்தில் மடிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டால் ஒரு பயனும் இல்லை.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் இன்னொரு படையும் சரணடைந்தது. 1782 மார்ச்சில் நார்த் விலகியபோது, தாம் முடிதுறப்பதாக நாடாளுமன்றத்துக்கு ஒரு செய்தியை அரசர் எழுதி வைத்தார், அனுப்பவில்லை. 1785 ஜூன் 1 அன்று அமெரிக்காவின் முதல் தூதர் ஜான் ஆடம்ஸ் அவர் முன் வந்து நின்றார். பிரிவினைக்குக் கடைசியாக இணங்கியவன் நான். இனி சுதந்திர நாடாக உங்கள் நட்பை ஏற்பதில் முதல்வனாக இருப்பேன் என்ற கருத்துப்பட அரசர் பேசினார் என்று ஆடம்ஸ் பதிவு செய்துள்ளார். இருவருமே உணர்ச்சிவசப்பட்டிருந்தனர்.

இந்தியச் சட்டமும் இளைய பிட்டும்

1783இல் நார்த், தம் பழைய எதிரியான சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுடன் சேர்ந்து ஆட்சி அமைத்தார். அரசர் இதைத் துரோகமாகவே கருதினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தை நாடாளுமன்றம் நியமிக்கும் குழுவிடம் ஒப்படைக்கும் சட்ட முன்வரைவை ஃபாக்ஸ் கொண்டுவந்தார். அதற்கு வாக்களிப்பவரைத் தம் எதிரியாகக் கருதுவேன் என்று அரசர் பிரபுக்கள் அவையில் சொல்லியனுப்பினார். முன்வரைவு தோற்றது, மறுநாளே அமைச்சரவை நீக்கப்பட்டது. 24 வயதே ஆன வில்லியம் பிட் பிரதமரானார். முறைப்படி பார்த்தால் அரசர் எல்லை மீறினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1784 தேர்தலில் வாக்காளர்கள் பிட்டுக்கே பெரும் வெற்றி தந்தனர். பிட் அதே ஆண்டு இயற்றிய இந்தியச் சட்டம், கம்பெனிக்கு மேல் ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்தது. 1858 வரை இந்தியா அந்த இரட்டை முறையிலேயே ஆளப்பட்டது.

நோய்

1788 இலையுதிர்காலத்தில் அரசருக்குக் கடும் வயிற்றுவலி வந்தது. பிறகு தூக்கம் போயிற்று; குரல் கம்மும் வரை ஓயாமல் பேசினார்; கோபமும் குழப்பமும் மாறி மாறி வந்தன. மருத்துவர்களுக்கு எதுவும் புரியவில்லை. உடலின் நச்சு வெளியேற வேண்டுமென்று தோலில் கொப்புளம் எழுப்பும் களிம்புகளைத் தடவினர். லிங்கன்ஷயரில் மனநோயாளிகளுக்கான விடுதி நடத்திய ஃபிரான்சிஸ் வில்லிஸ் வரவழைக்கப்பட்டார். அவர் அரசரைக் கைகளைப் பிணைக்கும் சட்டைக்குள் இட்டார். அடங்காதபோது நாற்காலியில் கட்டினார். பிரபுக்களும் முழந்தாளிட வேண்டிய ஒரு மனிதர், தம் ஏவலர்களாலேயே கட்டிவைக்கப்பட்டார்.

வெளியே அரசியல் கொதித்தது. பட்டத்து இளவரசர் ஃபாக்ஸின் நண்பர். அவர் பதிலாளராக ஆட்சி ஏற்றால் பிட்டின் பதவி போய்விடும். வாழ்நாளெல்லாம் நாடாளுமன்ற உரிமை பேசிய ஃபாக்ஸ், இளவரசருக்குப் பிறப்புரிமையாகவே ஆட்சி சேரும் என்றார். அரசரின் ஆளான பிட், அதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்றார். பதிலாட்சிச் சட்டம் நிறைவேறும் தறுவாயில், 1789 பிப்ரவரியில் அரசர் குணமானார். லண்டன் விளக்கொளியில் மிதந்தது. அமெரிக்காவை இழந்தபோது ஏளனத்துக்கு ஆளானவர், நோயிலிருந்து மீண்டபோது மக்களின் அன்புக்கு உரியவரானார். அதே ஆண்டு பிரான்சில் புரட்சி வெடித்து, 1793இல் அந்நாட்டு மன்னர் தலை வெட்டப்பட்டபோது, குடும்பத்தோடு எளிமையாக வாழும் தங்கள் முதிய அரசர் மீது பிரிட்டிஷ் மக்களின் பற்று மேலும் கூடியது.

நோயின் பெயர் என்ன என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஐடா மக்கால்பைன், ரிச்சர்ட் ஹன்டர் ஆகிய இரு மனநல மருத்துவர்கள் 1960களில், இது போர்ஃபிரியா என்னும் பரம்பரை இரத்தக் கோளாறு என்றனர். நிறம் மாறிய சிறுநீர் பற்றிய குறிப்புகள் அவர்களுடைய சான்றுகளுள் ஒன்று. நெடுங்காலம் இதுவே ஏற்கப்பட்டிருந்தது. அண்மைக் கால ஆய்வாளர்கள் பலர், சான்றுகள் தேவைக்கேற்பத் தெரிந்தெடுக்கப்பட்டவை என்று காட்டி, இது இருமுனை மனநிலைப் பிறழ்வு என்ற கருத்துக்குச் சாய்கின்றனர். ஓக் மரத்தைப் பிரஷ்ய மன்னர் என்று எண்ணி அவர் கைகுலுக்கினார் என்று பலர் சொல்லும் கதைக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

ஆர்வங்கள்

அரசரின் இன்னொரு பக்கம் இது. பிரிட்டிஷ் அரசர்களில் முறையாக அறிவியல் பயின்ற முதல்வர் இவர் எனலாம். 1769 ஜூன் 3 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து சென்றதைக் காண்பதற்காகவே ரிச்மண்டில் ஒரு வானாய்வகம் கட்டினார். கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் கடிகாரத்தை ஆயுள் முழுதும் உழைத்துச் செய்த ஜான் ஹாரிசன், பரிசு கிடைக்காமல் அலைந்தபோது, அவருடைய கடிகாரம் 1772இல் அந்த வானாய்வகத்திலேயே சோதிக்கப்பட்டது. அரசர் அவர் பக்கம் நின்றதால் மறு ஆண்டு நாடாளுமன்றம் பணம் வழங்கியது.

1781இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற இசைக்கலைஞர் ஒரு புதிய கோளைக் கண்டறிந்து, அதற்கு அரசரின் பெயரைச் சூட்டினார். உலகம் அதை ஏற்காமல் யுரேனஸ் என்றே அழைத்தது. ஆனால் அரசர் தந்த ஆண்டுக்கு 200 பவுண்டு ஊதியத்தால் ஹெர்ஷல் இசைத் தொழிலை விட்டு முழுநேர வானியலாளரானார். அவர் தங்கை கரோலினுக்கும் ஆண்டுக்கு 50 பவுண்டு கிடைத்தது. அறிவியல் பணிக்காக ஊதியம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர் அவர்.

1768இல் அரச கலைக்கழகம் இவருடைய ஆதரவில் தொடங்கியது. இவர் திரட்டிய ஏறத்தாழ 65,000 நூல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் நடுவே கண்ணாடிக் கோபுரம் ஒன்றில் உள்ளன. உழவில் கொண்ட நாட்டத்தால் 'விவசாயி ஜார்ஜ்' என்று கேலிப்பெயர் பெற்றார். வேளாண்மை இதழ் ஒன்றுக்குப் புனைபெயரில் கடிதங்களும் எழுதினார்.

தந்தையாக அவர் வென்றார் என்று சொல்ல முடியாது. அரசரின் ஒப்புதலின்றி அரச குடும்பத்தார் மணம் செய்யக்கூடாது என்ற சட்டத்தை 1772இல் கொண்டுவந்தார். மகன்கள் மறைவாக உறவு கொண்டு கடனிலும் மூழ்கினர். ஆறு மகள்களில் மூவருக்கே மணமாயிற்று, அதுவும் காலம் கடந்து.

பிற்பகுதி

1801 ஜனவரி 1 அன்று அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டது. அயர்லாந்தின் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை தர வேண்டும் என்றார் பிட். முடிசூட்டு விழாவில் தாம் எடுத்த உறுதிமொழிக்கு அது மாறானது என்று அரசர் மறுத்தார், பிட் விலகினார். அமெரிக்காவில் கண்ட அதே பிடிவாதம் இது. கத்தோலிக்கர்களுக்கு அவ்வுரிமை 1829இல்தான் கிடைத்தது. ஐரிஷ் மக்களின் கசப்பில் இந்த 28 ஆண்டுக் காத்திருப்புக்கும் பங்குண்டு. அடிமை வாணிகத்தைத் தடை செய்யும் சட்டம் 1807 மார்ச் 25 அன்று அவர் ஒப்புதலைப் பெற்றது.

தமிழ்நாடும் இலங்கையும்

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த ஒரே அரசரின் காலத்தில்தான் தமிழகம் ஏறத்தாழ முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அவர் அரியணை ஏறிய மூன்று மாதங்களில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடிக்கப்பட்டது. 1763 உடன்படிக்கையில் அது திருப்பித் தரப்பட்டாலும், அதே உடன்படிக்கை முகமது அலியை ஆற்காட்டு நவாபாக ஏற்றது. 1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். 1801 ஜூலையில் கர்நாடக ஆட்சி முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். இவையெல்லாம் கம்பெனியின் செயல்கள்; அரசரின் நேரடி ஆணைகள் அல்ல.

இலங்கையின் நிலை வேறு. டச்சுக்காரரிடமிருந்து பிடித்த கடலோரப் பகுதி 1802இல் நேராகவே அரசரின் குடியேற்றமாயிற்று. 1815 மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தத்தின்படி, நாயக்கர் மரபின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் நீக்கப்பட்டு, கண்டியின் அரசுரிமை மூன்றாம் ஜார்ஜுக்குச் சேர்ந்தது. கண்டி மன்னர் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். அவர் சமாதி பாலாற்றங்கரையில் உள்ளது. கண்டியின் புதிய அரசரோ அந்த நாளில் தாம் எந்த நாட்டுக்கு அரசர் என்பதையே அறியாத நிலையில் வின்ட்சரில் இருந்தார்.

இறுதி ஆண்டுகள்

1810இல் கடைசி மகள் அமீலியா இறந்தார். அவருடைய நோயின் கவலையிலேயே அரசரின் மனம் மீண்டும் தடுமாறியது, இம்முறை மீளவில்லை. 1811 பிப்ரவரி 5 அன்று பதிலாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாட்டர்லூ வெற்றி, அரசி சார்லட்டின் மரணம் எதையும் அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. கண்பார்வை முற்றிலும் போயிற்று, செவியும் மங்கியது. வின்ட்சர் கோட்டையின் அறைகளில், நீண்ட வெண்தாடியோடு, தாம் கேட்க முடியாத இசையை வாசித்துக்கொண்டிருந்தார். 59 ஆண்டு ஆட்சியில் கடைசி ஒன்பது ஆண்டுகள் பெயரளவில் மட்டுமே அவருடையவை. 1820 ஜனவரி 29 அன்று, 81ஆம் வயதில் இறந்தார். மூத்த மகன் நான்காம் ஜார்ஜாக அரசரானார்.

கையெழுத்துகள்

1776 ஜூலை 4 அன்று, இன்று முக்கியமாக எதுவும் நடக்கவில்லை என்று அரசர் நாட்குறிப்பில் எழுதினார் என்ற செய்தி இணையத்தில் அடிக்கடி வருகிறது. அவர் நாட்குறிப்பு எழுதும் வழக்கமே உள்ளவரல்லர். மாறாக ஆயிரக்கணக்கான கடிதங்களை எழுதினார். பார்வை மங்கிய 1805 வரை செயலர் வைத்துக்கொள்ளாமல் தம் கையாலேயே எழுதி, தேதியோடு மணியையும் நிமிடத்தையும் குறிப்பார். வின்ட்சரிலுள்ள அரச ஆவணக் காப்பகத்தின் இத்தாள்கள் 2017 முதல் படிப்படியாக இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டு வருகின்றன. 1782இல் எழுதி அனுப்பாமல் வைத்த முடிதுறப்புச் செய்தியும் அவருடைய தாள்களில் எஞ்சியிருக்கிறது.